இல்லமும் வீடும்



'இல்லம்', 'வீடு' இரண்டுக்கும் அகராதி ஏறக்குறைய ஒரே பொருள்தான் சொல்கிறது. தெருவில் அப்படியில்லை. பள்ளி விட்டதும் பிள்ளை வீட்டுக்குப் போகிறது. தாய் தகப்பனை இழந்த பிள்ளை இல்லத்துக்குப் போகிறது. முதியோர் இல்லம், குழந்தைகள் இல்லம், கருணை இல்லம் என்று பெயர்ப்பலகையில் ஏறியதுமே அந்தச் சொல்லுக்கு ஒரு வாயிற்கதவும் ஒரு வருகைப் பதிவேடும் வந்து சேர்ந்துவிடுகின்றன. நலிந்த குழந்தைகளும் குடும்பங்களும் பெரியவர்களும் தலையெடுக்கச் சமூகநலப் பணிகள் எப்படித் துணை நிற்கின்றன என்பது இந்தக் கருத்தரங்கின் பொருள். பரந்த பொருள். தலைமை உரை அதிலிருந்து ஒரு கேள்வியை மட்டும் எடுத்துக்கொள்கிறது: உதவி வேண்டியவரை இல்லத்துக்கு அழைத்துப் போவதா, உதவியை அவர் வீட்டுக்குக் கொண்டுபோவதா?

2001 ஆகஸ்ட் 6. இராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் தனியார் நடத்திய மனநலக் காப்பகம் ஒன்றின் கொட்டகை அதிகாலையில் தீப்பிடித்தது. உள்ளே இருந்தவர்களைச் சங்கிலியில் கட்டிப் போட்டிருந்தார்கள். 28 பேர் மாண்டனர். உச்ச நீதிமன்றம் தானே முன்வந்து வழக்கை எடுத்தது; காப்பகங்கள் மூடப்பட்டன; நாடு முழுக்க விசாரணை நடந்தது. கட்டிப் போட்டவர்களைத் திட்டுவது சுலபம். அங்கே கொண்டுவந்து விட்ட குடும்பங்களைத் திட்டுவது இன்னும் சுலபம். அந்தக் குடும்பங்களில் பல, மாத்திரை எங்கே கிடைக்கும் என்றுகூடத் தெரியாமல், ஏர்வாடி தர்காவில் நேர்ந்துகொண்டால் குணமாகும் என்ற ஒரே நம்பிக்கையோடு பஸ் ஏறி வந்தவை. அவர்கள் ஊரில், அவர்கள் தெருவில், கைகொடுக்க ஓர் ஆள் இல்லை. ஏர்வாடித் தீயின் கணக்கில் இந்த இல்லாமையையும் எழுத வேண்டும்.

வேறு வழி இருக்கிறது என்பது அதற்கு அரை நூற்றாண்டு முன்பே தெரிந்த செய்தி. 1950களில் அமிர்தசரஸ் மனநல மருத்துவமனையில் டாக்டர் வித்யா சாகர் வளாகத்துக்குள்ளேயே கூடாரம் அடித்து நோயாளிகளின் உறவினரைக் கூடத் தங்கவைத்தார். வேலூர் சி.எம்.சி. 1957இல் பாகாயத்தில் தொடங்கிய மனநல மையத்திலும் குடும்பத்தார் நோயாளியோடு தங்குவதே முறை. சமைத்துக் கொடுக்கிறார்கள், மருத்துவர் சொல்வதைக் காதால் கேட்கிறார்கள், நோய் இன்னதென்று தெரிந்துகொண்டு ஊர் திரும்புகிறார்கள். ஆள் பற்றாக்குறையும் இடப் பற்றாக்குறையும் சேர்ந்து பெற்றெடுத்த ஏற்பாடு என்று சிலர் சொல்வதுண்டு. இருக்கட்டுமே, பெற்றெடுத்தது நல்ல பிள்ளை.

குடும்பமே இல்லாதவர்களுக்கு என்ன செய்வது? 1993இல் சென்னையில் வந்தனா கோபிகுமாரும் வைஷ்ணவி ஜெயக்குமாரும் தொடங்கிய 'பேன்யன்' அமைப்புக்கு இந்தக் கேள்வி நன்றாகவே தெரியும். மனம் பேதலித்துத் தெருவில் திரிந்த பெண்களை மீட்டு, சிகிச்சை கொடுத்து, ஊர் பேர் விசாரித்து வீடு சேர்ப்பது அதன் முதல் வேலை. குணமான பிறகும் போக இடமில்லாதவர்கள் விடுதியிலேயே ஆண்டுக்கணக்கில் தங்கிப்போனார்கள். அவர்களுக்காக 2015இல் 'ஹோம் அகெய்ன்' வந்தது. சாதாரணத் தெருவில் சாதாரண வாடகை வீடு. நாலைந்து பேர் சேர்ந்து குடியிருப்பார்கள். துணைக்கு ஒருவர் இருப்பார். காலையில் என்ன சமைப்பது என்று அவர்களே முடிவு செய்கிறார்கள். மளிகைக் கடைக்காரர் முகம் பார்த்துச் சிரிக்கிறார். பக்கத்து வீட்டில் சண்டையும் வரும், பலகாரமும் வரும். மருத்துவ அறிக்கையில் இதற்கெல்லாம் கட்டம் கிடையாது. ஆனால் பல ஆண்டு மணியடித்தால் சாப்பிட்டு, மணியடித்தால் படுத்த ஒருவருக்கு, இன்றைக்கு ரசம் போதும் என்று சொல்ல முடிவது சின்ன விஷயமில்லை.

குழந்தைகள் பக்கம் வந்தால், 1980இல் உலக வங்கிக் கடனோடு தொடங்கிய தமிழ்நாடு ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டத்தை இன்றைய ஆய்வு மாணவர்கள் ஒருமுறை திரும்பிப் படிக்க வேண்டும். மதுரைப் பக்கம் கொட்டாம்பட்டி வட்டாரத்தில் முதலில் செய்து பார்த்தார்கள். சுமார் 1,500 பேருக்கு ஒரு மையம். ஆறு மாதம் முதல் மூன்று வயது வரையுள்ள குழந்தைகளை மாதாமாதம் தராசில் நிறுத்து, எடையை அட்டையில் குறிப்பார்கள். சத்துணவு எல்லாக் குழந்தைக்கும் இல்லை. எடை ஏறாத குழந்தைக்கு மட்டும் 90 நாள். எடை ஏறிவிட்டால் நிறுத்திவிடுவார்கள். கொடுத்ததை நிறுத்துவதற்கு அரசுத் திட்டங்களுக்குப் பெரும் துணிச்சல் வேண்டும்!

அதைவிடச் சுவையானது பணியாளரைத் தேர்ந்தெடுத்த விதம். அதே ஊர்க்காரராக இருக்க வேண்டும். அவரும் ஏழையாக இருந்தால் நல்லது. ஆனால் அவர் பெற்ற பிள்ளை கொழுகொழுவென்று இருக்க வேண்டும். இதே கூலியில், இதே கேழ்வரகில், ஒருத்தி பிள்ளையைத் தேற்றியிருக்கிறாள் என்றால், எதிர் வீட்டுக்காரிக்கு அவளைவிட நல்ல வாத்தியார் யார்? தராசின் முள் நகராத மாதத்தில் அந்தத் தாயின் வாசலில் போய் உட்கார்ந்து, வயிற்றுப்போக்கா, பால் நின்றுவிட்டதா, வேலைக்குப் போகும்போது பிள்ளையை யார் பார்க்கிறார்கள் என்று கேட்க அவரால் முடிந்தது. மேலிருந்து வந்த அதிகாரியிடம் எந்தத் தாயும் அதைச் சொல்லமாட்டாள்.

மதிய உணவின் கதை எல்லோருக்கும் தெரிந்தது. காமராசர் காலத்து 1956, எம்.ஜி.ஆர். சத்துணவின் 1982, 2022இல் மதுரையில் 1,545 பள்ளிகளுக்காகத் தொடங்கிய காலை உணவு என்று அதை நீட்ட வேண்டியதில்லை. ஒன்று மட்டும் அடிக்கடி மறந்துபோகிறது. 1982இல் ஒவ்வொரு மையத்துக்கும் அமைப்பாளர், சமையலர், உதவியாளர் என்று மூவரை நியமித்தபோது விதவைகளுக்கும் ஆதரவற்ற பெண்களுக்கும் முன்னுரிமை கொடுத்தார்கள். பிள்ளைக்குச் சோறு போட்ட அதே அடுப்பு, விடுதிக்குப் போயிருக்கக்கூடிய ஒரு பெண்ணை அவள் ஊரிலேயே சம்பளக்காரி ஆக்கியது. வீண்செலவு என்று அன்று எழுதிய பொருளாதார மேதைகள் இந்த வரவைக் கணக்கில் சேர்க்கவில்லை.

இளைஞர் நீதிச் சட்டம் 2015, குழந்தையை நிறுவனத்தில் சேர்ப்பது கடைசி வழியாகவே இருக்க வேண்டும் என்று சொல்கிறது. சட்டம் சொன்னது நடைமுறைக்கு வர ஒரு கொள்ளைநோய் வேண்டியிருந்தது. 2021இல் கொரோனாவில் பெற்றோர் இருவரையும் இழந்த பிள்ளைகளுக்குத் தமிழக அரசு 5 லட்சம் ரூபாய் வைப்புத்தொகை அறிவித்தது. உறவினரிடம் வளரும் பிள்ளைக்கு மாதம் 3,000 ரூபாயும் அறிவித்தது. இரண்டாவது தொகைதான் முக்கியம். தாத்தா பாட்டியோ சித்தியோ அந்தப் பிள்ளையை வைத்துக்கொள்ளத் தயங்குவது பாசம் இல்லாமல் அல்ல. அரிசி விலை தெரிந்ததால். அந்தத் தயக்கத்துக்குப் பதிலாக ஒரு தொகை கையில் விழுந்தது.

உடற்குறை உள்ளவர்களிடத்தும் இதே பாதைதான். தென்காசிக்குப் பக்கத்தில் ஆய்க்குடி. 1975இல் கடற்படை அதிகாரித் தேர்வின்போது கீழே விழுந்து கழுத்துக்குக் கீழே உணர்விழந்த எஸ். இராமகிருஷ்ணன் 1981இல் அங்கே அமர் சேவா சங்கத்தைத் தொடங்கினார். இன்று அதன் பணியாளர்கள் வளர்ச்சி தாமதமான குழந்தைகளின் வீட்டுக்கே போய், திண்ணையில் பாய் விரித்துப் பயிற்சி கொடுக்கிறார்கள். தாய்க்கும் சொல்லிக் கொடுக்கிறார்கள். தினமும் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறினால் அந்தத் தாயின் கூலி போய்விடும். நாலாவது வாரம் பயிற்சியும் நின்றுபோகும். கோழிக்கோட்டில் 1993இல் தொடங்கிய வலிநிவாரணப் பணி, அக்கம்பக்கத்துத் தொண்டர்களின் கையில் வீடுவீடாகப் பரவியதும் இந்தக் கணக்கில்தான். 2021இல் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரையை வாசலுக்குக் கொண்டுவந்தது.

இப்படிச் சொல்லிக்கொண்டே போனால் இல்லங்களே வேண்டாம் என்று பொருள்படும். அது தவறு. வீடே ஆபத்தாக இருப்பவர்கள் உண்டு. தேவதாசி மரபில் பிறந்த பெண்பிள்ளைகளுக்கு விடுதிகள் கதவைச் சாத்தியபோது முத்துலட்சுமி ரெட்டி தம் வீட்டைத் திறந்துவிட்டார். 1930இல் அது அவ்வை இல்லம் ஆனது. அந்தப் பிள்ளைகளை வீட்டுக்கு அனுப்புவது கொடுமையாக முடிந்திருக்கும். பெண்சிசுக் கொலையைத் தடுக்க 1992இல் சேலத்தில் தொடங்கிய தொட்டில் குழந்தைத் திட்டமும் உயிர்களைக் காத்தது. ஆனாலும் தொட்டிலில் குழந்தையைப் போட்டுவிட்டு இருட்டில் திரும்பிப் போன தாயின் பின்னால் யாராவது நடந்து போயிருக்க வேண்டும் என்ற குறை இன்றும் இருக்கிறது.

கடைசியாக ஒரு கசப்பு. வாசலுக்குப் போகும் இந்தப் பணிகள் பெரும்பாலும் பெண்களின் காலில் நடக்கின்றன. சத்துணவுப் பணியாளரும் அங்கன்வாடிப் பணியாளரும் ஆண்டுக்கணக்காகக் கேட்பது காலமுறை ஊதியம். கிடைத்துக்கொண்டிருப்பது சிறப்புக் காலமுறை ஊதியம். 'சிறப்பு' என்ற சொல் தமிழில் இவ்வளவு குறைவான தொகையைக் குறிப்பது வேறு எங்கும் காண முடியாதது. மற்றவர் வீட்டைக் காப்பாற்றப் போகிறவர் தன் வீட்டு வாடகைக்குத் தவித்தால், அந்தத் திட்டத்தை வெற்றி என்று எழுதுவதற்கு ஆய்வாளர் கொஞ்சம் யோசிக்க வேண்டும். இங்கே கட்டுரை படிக்க வந்திருப்பவர்களிடம் ஒரு வேண்டுகோள்: எந்தத் திட்டத்தைப் பற்றி எழுதினாலும், கதவைத் தட்டுபவரின் மாதச் சம்பளம் எவ்வளவு என்பதை முதல் பக்கத்திலேயே எழுதிவிடுங்கள்.

அரங்கின் கடைசி வரிசையில் அங்கன்வாடிப் பணியாளர்கள் சிலர் அமர்ந்திருக்கிறார்கள். அவர்கள் முன்னால் வரட்டும். முதல் அமர்வின் முதல் கால் மணி நேரம் அவர்களுடையது.