எப்போது தொடங்குவது, எப்போது முடிப்பது?



விடியற்காலையில் பெரட்டுக் களத்தில் நின்ற அனுபவம் நம்மில் பலருக்கு உண்டு. நமக்கு இல்லாவிட்டாலும் நம் பெற்றோருக்கு உண்டு. ஒரு தோட்டத்தில் ஆண்டு முழுவதும் செய்ய வேண்டிய வேலைகள் ஏராளம். உரம் போட வேண்டும், புல் வெட்ட வேண்டும், வாய்க்கால் சீர்செய்ய வேண்டும், குலை வெட்ட வேண்டும். ஆனால் பெரட்டில் மண்டோர் அத்தனை வேலைகளையும் படிப்பதில்லை. இன்று எந்த இடத்தில் என்ன வேலை, யார் யார் போக வேண்டும் என்பதை மட்டுமே சொல்வார். மற்றவை கணக்கில் இருக்கும். அவற்றுக்குரிய நாள் வரும்போது வெளியே வரும்.

இன்றைய பேச்சில் நாம் பார்க்கப் போவதும் இதைப் போன்ற ஒரு பெரட்டுத்தான். இது கைப்பேசிக்குள் நடப்பது. செய்ய வேண்டிய வேலைகளைக் குறித்து வைத்துக்கொள்ளப் பலவகை மென்பொருள்கள் இப்போது கிடைக்கின்றன. நூறு வேலைகளை எழுதி வைத்தாலும், இன்று நாம் பார்க்க வேண்டியவற்றை மட்டும் அவை பிரித்துக் காட்டும். இதற்கு வடிகட்டுதல் என்று பெயர். எந்தக் கணக்கில் அவை பிரிக்கின்றன? அந்தக் கணக்கை அறியாமல் நம்பினால் நமக்கு என்ன இழப்பு? இவற்றை இன்று தெரிந்துகொள்வோம்.

முதலில் ஓர் அடிப்படைச் செய்தி. ஒரு வேலைக்கு இரண்டு நாட்கள் உண்டு. ஒன்று, அதைத் தொடங்கக்கூடிய நாள். மற்றொன்று, அதை முடித்தே ஆக வேண்டிய நாள். முன்னதைத் தொடக்க நாள் என்போம். பின்னதைக் கெடுநாள் என்போம்.

செம்பனைக் குலையை நினைத்துப் பாருங்கள். பழுக்காத குலையை வெட்டினால் எண்ணெய் குறையும். மரத்தடியில் பழம் உதிர்ந்து கிடந்தால்தான் குலை பழுத்திருக்கிறது என்று தெரியும். அதுதான் தொடக்கம். வெட்டிய பிறகோ, 24 மணி நேரத்திற்குள் குலை ஆலைக்குப் போய்ச் சேர வேண்டும் என்பது பொது விதி. தாமதமானால் எண்ணெயில் கொழுப்பு அமிலம் ஏறித் தரம் கெடும். அதுதான் கெடு. தொடக்கத்திற்கு முன்னால் கை வைத்தாலும் நட்டம்; கெடுவைத் தாண்டினாலும் நட்டம். வீட்டு வேலைகளும் இப்படித்தான்.

இப்போது ஒரு குடும்பத்தைக் கற்பனை செய்துகொள்வோம். அப்பா தோட்டத்தில் குலை வெட்டுகிறார். மூத்த மகன் தொழிற்சாலையில் வேலை செய்கிறான். அடுத்த மகள் இடைநிலைப் பள்ளியில் படிக்கிறாள். அவளுக்கு ஒரு தங்கை. 2026 மார்ச் 5ஆம் நாள் வீட்டில் இன்னொரு குழந்தை பிறந்திருக்கிறது. பள்ளிக்குச் செல்லும் மகள் தன் கைப்பேசியில் குடும்ப வேலைகளை எழுதுகிறாள்.

ஒன்று, குழந்தையின் பிறப்புப் பதிவு. தீபகற்ப மலேசியாவில் இதற்கு 60 நாள் கெடு. பிறந்த நாளையும் சேர்த்து எண்ணினால் மே 3; சேர்க்காமல் எண்ணினால் மே 4. இப்படி ஐயம் வந்தால் முந்திய நாளையே எழுதுவது நல்லது. ஆகவே கெடுநாள் மே 3. மருத்துவமனையின் பிறப்பு உறுதிக் கடிதம் கைக்கு வந்ததும் தொடங்கலாம் என்பதால், தொடக்க நாள் மார்ச் 7.

இரண்டு, அண்ணனின் வருமான வரிப் படிவம். சம்பளக்காரர்களுக்கு மார்ச் 1ஆம் நாள் இணைய வழி திறக்கிறது. ஏப்ரல் 30 என்பது கெடு.

மூன்று, குழந்தைக்குத் தடுப்பூசி. கிளினிக்கில் ஏப்ரல் 7 என்று எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். இதற்குத் தொடக்கமும் கெடுவும் ஒரே நாள்தான்.

நான்கு, தங்கையின் மைகாட் அடையாள அட்டை. ஜூன் 14ஆம் நாள் அவளுக்கு 12 வயது நிறைகிறது. அதற்கு முன் விண்ணப்பிக்க முடியாது. நிறைந்த பிறகு 30 நாட்களுக்குள் விண்ணப்பிக்க வேண்டும்.

ஐந்து, அப்பாவின் மோட்டார் சைக்கிளுக்குச் சாலை வரி. ஆகஸ்ட் 20இல் முடிகிறது. ஆகஸ்ட் முதல் நாள் அதைப் பார்த்தால் போதும் என்று அப்பா சொல்லிவிட்டார்.

மார்ச் 10ஆம் நாள் காலையில் மகள் பட்டியலைத் திறக்கிறாள். ‘இந்த வாரம் கெடு முடிகிற வேலைகளை மட்டும் காட்டு’ என்று வடிகட்டி வைத்திருக்கிறாள் என்று கொள்வோம். திரையில் ஒன்றும் இராது. “அப்பா, இந்த வாரம் ஒரு வேலையும் இல்லை” என்பாள். அப்பாவும் நிம்மதியாக இருப்பார்.

இந்த நிம்மதி பொய்யானது. பிறப்புப் பதிவு, கெடுவுக்கு ஏழு நாட்களுக்கு முன்புதான், அதாவது ஏப்ரல் 26ஆம் நாள்தான் முதன்முதலில் திரைக்கு வரும். அது ஒரு ஞாயிற்றுக்கிழமை. மே 1 வெள்ளிக்கிழமை, தொழிலாளர் தினம், பொது விடுமுறை. மே 2 சனி, மே 3 ஞாயிறு. சனியும் ஞாயிறும் விடுமுறையாக உள்ள மாநிலங்களில் கையில் மிஞ்சுவது 27 முதல் 30 வரை நான்கே வேலை நாட்கள். அதற்குள் தாய் தந்தையின் அடையாள அட்டைகள், திருமணச் சான்றிதழ், மருத்துவமனைக் கடிதம் எல்லாம் சேர்ந்தாக வேண்டும். அப்பா லீவு எடுத்துப் பட்டணத்துக்குப் போக வேண்டும். கோயிலில் தாலி கட்டியதோடு நின்று, திருமணத்தைப் பதிவு செய்யாமல் விட்டிருந்தால், அந்த நான்கு நாட்களில் என்ன செய்ய முடியும்?

சரி, கெடுவை மட்டும் பார்க்காமல், ‘தொடக்க நாள் வந்துவிட்ட, இன்னும் முடியாத வேலைகளைக் காட்டு’ என்று வடிகட்டினால் என்ன ஆகும்? மார்ச் 10 அன்றே பிறப்புப் பதிவும் வரிப் படிவமும் திரையில் நிற்கும். தடுப்பூசியும் மைகாட்டும் சாலை வரியும் மறைந்திருக்கும். இன்று அவற்றுக்குச் செய்ய ஒன்றுமில்லை. கண்ணுக்கு முன் இரண்டே வேலைகள். கைநிறைய நாட்களும் இருக்கின்றன. இந்த ஒரு வேறுபாட்டைச் சொல்லத்தான் இன்றைய பேச்சு. கெடுநாள் நம்மை அவசரப்படுத்தும். தொடக்க நாள் நமக்கு அவகாசம் கொடுக்கும். இரண்டையும் சேர்த்தே வடிகட்ட வேண்டும்.

மென்பொருள்கள் இதை எப்படிச் செய்கின்றன என்றும் பார்ப்போம். ஆம்னிஃபோக்கஸ் என்ற மென்பொருளில் ஒவ்வொரு வேலைக்கும் இரண்டு நாட்களையும் குறிக்கலாம். அதில் முதலில் தொடக்க நாள் என்றிருந்த பெயரை, இரண்டாம் பதிப்பில், ‘அதுவரை தள்ளி வை’ என்று பொருள்படும் சொல்லாக மாற்றினார்கள். அன்றே தொடங்கியாக வேண்டும் என்பதில்லை. அதற்கு முன் கண்ணில் பட வேண்டாம் என்பதுதான் அதன் கருத்து. டாஸ்க்வாரியர் என்ற இலவச மென்பொருளிலும் ஒரு வேலையைக் ‘காத்திரு’ என்று ஒரு நாள்வரை மறைத்து வைக்கலாம். கெடுநாளைத் தனியே எழுதலாம்.

ஆம்ஸ்டர்டாம் பல்கலைக்கழக வானியலாளர் கார்ஸ்டன் டொமினிக் 2003இல் உருவாக்கிய ஆர்க் மோட் இன்னொரு வழியைக் காட்டுகிறது. தொடங்கும் நாள் குறித்த வேலை, அந்த நாளிலிருந்து முடியும்வரை தினமும் பட்டியலில் வரும். கெடுநாள் குறித்த வேலையோ, நாம் மாற்றாவிட்டால், 14 நாட்களுக்கு முன்பே எச்சரிக்கையாக வரத் தொடங்கும். இரண்டு வாரம் போதாத வேலைக்கு அந்த எண்ணை நாமே கூட்டிக்கொள்ளலாம்.

எல்லா மென்பொருளிலும் இந்த வசதி இருக்காது. பலவற்றில் ஒரே ஒரு நாள்தான் எழுத இடமிருக்கும். அப்போது என்ன செய்வது? வழி எளிது. அந்த இடத்தில் தொடக்க நாளை எழுதுங்கள். கெடுநாளை வேலையின் பெயரோடு சேர்த்து எழுதுங்கள். ‘பிறப்புப் பதிவு, மே 3 கெடு’ என்று எழுதி, நாளை மார்ச் 7 என்று குறித்தால் போதும்.

இனி, நேயர்கள் கவனிக்க வேண்டிய சில தவறுகள்.

முதல் தவறு, நாளே குறிக்காமல் விடுவது. ‘கெடு இந்த வாரம்’ என்று வடிகட்டினால், கெடுநாள் இல்லாத வேலை எந்த வாரத்திலும் வராது. அம்மாவின் கண் பரிசோதனை இப்படித்தான் ஆண்டுக்கணக்கில் மறைந்து கிடக்கும்.

இரண்டாவது, தொடக்க நாளைக் கெடுநாளுக்குப் பின்னால் எழுதிவிடுவது. மாத எண்ணை ஒன்று தவறாகத் தட்டினாலே போதும்; கெடு முடியும்வரை வேலை மறைந்தே இருக்கக்கூடும்.

மூன்றாவது, ‘முன்’ என்பதற்கும் ‘வரை’ என்பதற்கும் உள்ள வேறுபாட்டை மறப்பது. ‘30ஆம் தேதிக்கு முன்’ என்று கேட்டால் 30ஆம் தேதி கெடுவான வேலை வராது. ‘30ஆம் தேதி வரை’ என்றால் வரும். நாம் பேச்சில் இரண்டையும் ஒன்றாகச் சொல்வோம். இயந்திரம் அப்படி எடுத்துக்கொள்ளாது.

நான்காவது, பொய்க்கெடு வைப்பது. சீக்கிரம் முடிக்கட்டும் என்று எல்லா வேலைக்கும் நாளைக்கே கெடு என்று எழுதினால், நாளை மறுநாள் திரை முழுவதும் சிவப்பாகும். சிவப்பு பழகிவிட்டால், உண்மையான கெடுவும் அந்தச் சிவப்பிலேயே மறைந்துவிடும். அரசாங்க அலுவலகமோ பள்ளிக்கூடமோ கிளினிக்கோ வைத்த கெடுவை மட்டும் கெடுவாக எழுதுங்கள். நாமாக விரும்பும் நாளைத் தொடக்க நாளாக எழுதுங்கள்.

கைப்பேசி இல்லாத வீட்டுக்கும் இதே முறை உதவும். அமெரிக்கரான டேவிட் ஆலன் 2001இல் வெளியிட்ட, வேலைகளை முடிப்பது பற்றிய நூலில் ஒரு காகித ஏற்பாட்டை விளக்கினார். மாதத்தின் நாட்களுக்கு 31 உறைகள், ஆண்டின் மாதங்களுக்கு 12 உறைகள், ஆக 43. ஒரு கடிதத்தை அது வேண்டிய நாளின் உறையில் போட்டுவிட்டு, தினமும் அன்றைய உறையைத் திறக்க வேண்டும். நமக்கு 43 உறைகள்கூடத் தேவையில்லை. சுவரில் தொங்கும் நாள்காட்டியில் தொடக்க நாளைப் பச்சையிலும் கெடுநாளைச் சிவப்பிலும் எழுதினாலே போதும்.

கடைசியாக ஒன்று. ரப்பர்ப் பாலைச் சல்லடையில் ஊற்றினால், பட்டைத் துண்டும் இலையும் மேலே தங்கும், அவற்றை வீசிவிடுவோம். கைப்பேசியின் சல்லடை அப்படிப்பட்டதல்ல. அது தடுத்து வைப்பதும் நம்முடைய வேலைதான். அது அழிவதில்லை, நாள் வரும்வரை மறைந்திருக்கிறது; அவ்வளவே. ஆகவே வாரம் ஒரு முறை, ஞாயிறு மாலை என்று வைத்துக்கொள்ளுங்கள், எல்லா வடிகட்டலையும் எடுத்துவிட்டு முழுப் பட்டியலையும் குடும்பத்தோடு படியுங்கள். எழுதிய நாட்கள் சரிதானா என்று அப்போது தெரிந்துவிடும்.

பிறப்புப் பத்திரம் இல்லாத பிள்ளைக்குப் பள்ளியில் சேர்வது முதல் 12 வயதில் மைகாட் எடுப்பதுவரை ஒவ்வொரு படியிலும் தடைதான். நம் சமுதாயத்தில் பலர் இந்தத் தடையால் வளர்ந்த பிறகும் அலைந்திருக்கிறார்கள். பெற்றோருக்குப் பிள்ளை மீது அன்பில்லை என்பதா காரணம்? இல்லை. கெடுவை மட்டும் எண்ணி, இன்னும் நாள் இருக்கிறது என்று இருந்துவிட்டவர்களும் அவர்களில் உண்டு. இனிப் பிறக்கும் நம் பிள்ளைகளுக்கு அந்த நிலை வர வேண்டாம். கெடு எந்த நாள் என்று கேட்கும்போதே, தொடங்கும் நாள் எது என்றும் கேட்டுக்கொள்வோம்.