‘ஜாயின்ட்லி அண்டு செவரலி’ – கையெழுத்துக்கு முன்னால் ஒரு நிமிஷம்

(கூட்டமைப்புக் கூட்டத்தில் கள ஒருங்கிணைப்பாளர் பேசியது)



வங்கியில் கடன் வாங்கும்போது ஏகப்பட்ட தாளில் கையெழுத்துப் போடுகிறோம். அதில் மூன்றே மூன்று இங்கிலீஷ் வார்த்தை திரும்பத் திரும்ப வரும்: ‘ஜாயின்ட்லி அண்டு செவரலி’. தமிழில் ‘கூட்டாகவும் தனித்தனியாகவும்’ என்று சொல்லலாம். இன்றைக்கு இதை மட்டும் பேசுவோம்.

‘ஜாயின்ட்லி’ என்றால் எல்லாரும் சேர்ந்து. இதில் குழப்பம் இல்லை. ‘செவரல்’ என்றால் ‘பல’ என்று நம்ம பிள்ளைகள் சொல்லுவார்கள். ஆனால் அந்தச் சொல்லுக்குப் பழைய அர்த்தம் ‘தனித்தனி’. சட்டத்தில் இன்னும் அதுதான் நிற்கிறது.

இங்கேதான் கவனிக்கணும். ‘தனித்தனியாக’ என்றதும், ‘என் பங்கை மட்டும் கட்டினால் போதும்’ என்று நிறையப் பேர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. மொத்தக் கடனுக்கும் எல்லாரும் சேர்ந்து பொறுப்பு. அதே மொத்தக் கடனுக்கு ஒவ்வொருத்தரும் தனியாகவும் பொறுப்பு.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். 10 பேர் சேர்ந்து 1,00,000 ரூபாய் வாங்கி சமமாகப் பிரித்துக்கொண்டார்கள். 6 பேர் கட்டி முடிச்சாச்சு. 4 பேர் ஒரு ரூபாய்கூடக் கட்டலை. வட்டியை விடுங்கள், அசல் பாக்கி 40,000. கட்டி முடித்த ஒரு அக்காவிடமே இந்த 40,000-ஐயும் வங்கி கேட்கலாம். ‘என் 10,000-ஐக் கட்டிட்டேனே சார்’ என்றால் அது எடுபடாது.

1872-ஆம் வருஷத்து இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 43-ஆவது பிரிவு இதைத்தான் சொல்கிறது. வேறு மாதிரி எழுதிக்கொள்ளாதவரை, சேர்ந்து வாக்குக் கொடுத்தவர்களில் யாரிடம் வேண்டுமானாலும் முழுசாகக் கேட்கலாம். அதே பிரிவு அந்த அக்காவுக்கும் வழி சொல்கிறது. தன் பங்குக்கு மேல் கட்டியதை மற்றவர்களிடம் அவர் கேட்டு வாங்கலாம். யாராவது தர முடியாமல் போனால், அந்த நஷ்டத்தை மீதிப் பேர் சமமாகத் தாங்கணும்.

பக்கத்து வீட்டுக்காரர் கடனுக்கு ஜாமீன் கையெழுத்துப் போட்டாலும் இதே கதைதான். ஜாமீன்தாரரின் பொறுப்பு கடன்காரரின் பொறுப்பு அளவுக்கே உண்டு என்கிறது 128-ஆவது பிரிவு. ‘சும்மா ஒரு கையெழுத்துதானே அக்கா’ என்று யாராவது வந்தால் இதை நினைத்துக்கொள்ளுங்கள்.

இதைச் சொல்லி உங்களைப் பயமுறுத்த வரலை. நிலப் பத்திரமும் நகையும் இல்லாத நமக்கு வங்கி எதை நம்பிக் கடன் தருது? பத்துப் பேரும் ஒருத்தருக்கொருத்தர் நிற்போம் என்ற இந்த வாக்கைத்தான். அதனால் அது என்ன வாக்கு என்று தெரிந்து கொடுப்போம்.

• தொகை எழுதாத வெற்றுப் படிவத்தில் கையெழுத்தோ கைரேகையோ வைக்காதீர்கள்.
• கடன் யாருக்கு எவ்வளவு என்று தீர்மான நோட்டில் எழுதி எல்லாரும் கையெழுத்துப் போடுங்கள்.
• ஒவ்வொரு கூட்டத்திலும் வங்கிக் கடன் பாக்கியைச் சத்தமாக வாசிக்கச் சொல்லுங்கள்.
• ஒருத்தர் ஒரு தவணை தவறினாலே அவர் வீட்டுக்குப் போய் என்ன கஷ்டம் என்று கேளுங்கள். நாலு தவணை சேர்ந்துவிட்டால் அவரால் நிமிர முடியாது, பாரம் நம் தலைக்கும் வந்துவிடும்.

அடுத்த தடவை வங்கியில் தாளை நீட்டினால், ‘இதில் அந்த மூன்று வார்த்தை எங்கே இருக்கு?’ என்று கேளுங்கள். கேட்பது நம் உரிமை.