கரோல் பாக் வீட்டில் பிறந்த பாட்டு
(சங்கத்தின் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)

    

ஆண்டுதோறும் இம்மேடையில் தமிழ் இலக்கியத்தையும் கருநாடக இசையையும் பற்றிப் பேசி மகிழ்கின்றோம். இன்று, நாம் வாழும் இத்தில்லி மாநகரிலேயே பிறந்த ஒரு பாட்டைப் பற்றிச் சில சொல்ல விழைகின்றோம். அது தமிழ்ப் பாட்டன்று. ‘இந்தியன் ஓஷன்’ என்னும் ராக் இசைக் குழுவின் இந்திப் பாட்டு. அதன் பெயர் ‘சாந்த்’, அதாவது நிலவு. நமக்கும் அதற்கும் என்ன தொடர்பு என்று வினவுவீர்கள். தொடர்பு உண்டு, அது பிறந்த வீட்டில் இருக்கிறது.

1990-ஆம் ஆண்டில் சுஸ்மித் சென் என்னும் கிதார்க் கலைஞரும், தபலா வாசித்துக்கொண்டே பாடவல்ல அஷீம் சக்கரவர்த்தியும் இக்குழுவைத் தொடங்கினர். பின்னர் ராகுல் ராமும் அமித் கிலமும் வந்து சேர்ந்தனர். மேலைநாட்டு டிரம்முக்கும் பேஸ் கிதாருக்கும் நடுவே தபலா ஒலித்தது; வங்கத்து நாட்டுப்புறக் கலைஞர்களின் கப்குபியும் ஒலித்தது. நருமதைக் கரையின் நாட்டுப் பாடலையும், கேரளத்துச் சிரியன் கிறித்தவர்களின் பழைய வழிபாட்டுப் பாடலையும் தம் வழியில் இசைத்து, 2000-ஆம் ஆண்டில் ‘கந்தீசா’ என்னும் தொகுப்பில் வெளியிட்டனர். அவ்வழிபாட்டுப் பாடலின் மொழி, கேட்டவருள் மிகப் பலருக்கு ஒரு சொல்லும் விளங்காத மொழி. ஆயினும் மக்கள் அதைத் தம் பாட்டாகவே ஏற்றுக்கொண்டனர்.

இவர்கள் பல்லாண்டு கூடிப் பயின்ற இடம் எது தெரியுமா? கரோல் பாக்கில், கஜூர் சாலையில், 16/330 என்ற இலக்கமிட்ட ஒரு பழைய வீடு. கரோல் பாக் நமக்குப் புதிதா? நம் முன்னோர் பலர் தில்லிக்கு வந்து முதன்முதலாகக் குடியேறிய பகுதிகளுள் அதுவும் ஒன்று அன்றோ! ஒருவர் மெட்டமைத்துக் கொடுக்க மற்றவர் வாசிப்பது இவர்கள் முறையன்று. கூடி அமர்ந்து, வாசித்து வாசித்தே பாட்டைக் கண்டெடுப்பர். ஆதலால் காலம் மிகுதியாயிற்று. 2003-இல் ‘ஜீனி’ தொகுப்பு வந்தபின், திரைப்பட இசை நீங்கலாக, அடுத்த தொகுப்புக்கு ஏழாண்டுகள் ஆயின.

அந்த இடைவெளியின் இறுதியில் பேரிழப்பு நேர்ந்தது. 2009 டிசம்பர் 25-ஆம் நாள் அஷீம் சக்கரவர்த்தி மாரடைப்பால் மறைந்தார். புதிய பாடல்களுக்காக அவர் குரல் முன்னரே பதிவாகியிருந்தது. நண்பர்கள் அப்பாடல்களை முடித்து, அத்தொகுப்புக்குத் தாம் கூடிய வீட்டின் முகவரியையே பெயராகச் சூட்டினர்.

வெளியிட்ட முறையும் புதுமையானது. 78 சுற்று இசைத்தட்டில் ஒரு பக்கத்திற்கு மூன்று நிமிடமளவே இடம் இருந்தது. நம் வித்துவான்களும் கீர்த்தனையைச் சுருக்கித்தான் அதில் பாடினார்கள். 1949-இல் அமெரிக்காவில் 45 சுற்றுச் சிறு தட்டு வந்தது. பக்கத்திற்கு ஒரு பாட்டாக விற்கும் ‘சிங்கிள்’ வழக்கம் அதனால் பரவியது. இந்தியன் ஓஷன் குழுவினரோ 2010-இல் தட்டையும் கடையையும் நம்பியிராமல், மாதம் ஒரு பாட்டாக ஏழு பாடல்களை இணையத்தில் விலையின்றி வழங்கினர். முதலில் வந்தது ‘சாந்த்’. மறைந்த நண்பரின் குரல் வீடுதோறும் ஒலித்தது. கேட்டவர்க்கு அது புதிய பாட்டாகவும் இருந்தது, அஞ்சலியாகவும் இருந்தது.

விலையின்றித் தந்தது கலைக்கு விலையில்லை என்பதாலன்று. இசைத்தட்டு விற்பனையில் கலைஞருக்குக் கிடைத்த பங்கு சிறிது. மேடைக் கச்சேரியே அவர்களுக்குச் சோறிட்டது. பாட்டு பலரைச் சென்றடைந்தால் அரங்கம் நிறையும் என்பது அவர்கள் கணக்கு. பாடலாசிரியரும் இசையமைப்பாளரும் தமக்குரிய உரிமைத் தொகையை அறவே இழந்துவிடாதபடி பதிப்புரிமைச் சட்டம் திருத்தப்பெற்றது 2012-இல்தான். குழுவும் கலைந்துவிடவில்லை. புதியவர்கள் வந்தனர்; 2013-இல் சுஸ்மித் சென் விலகிய பின்னரும் இசை தொடர்ந்தது.

அன்பர்களே! இந்த வரலாற்றில் நாம் கருத வேண்டியது ஒன்று. அக்குழுவினரிடம் திறமை இருந்தது, உழைப்பு இருந்தது. அவற்றோடு, நாள்தோறும் கூடி ஓசையெழுப்ப ஒரு வீடும் இருந்தது. அந்த வீடு இல்லையேல் அந்தப் பாட்டு ஏது?

நம் குடியிருப்புகளில் ஒரு வீட்டில் தாளம் தட்டினால் அடுத்த வீட்டில் குழந்தை விழித்துக்கொள்கிறது. மிருதங்கம் பயிலும் சிறுவனும், கிதார் பயிலும் சிறுமியும் எங்கே கூடுவார்கள்? நம் சங்கத்து மண்டபமோ விழா முடிந்ததும் பூட்டப்படுகின்றது. ‘அது வெறும் இரைச்சல், தமிழ்ப் பண்பன்று’ என்று சிலர் கூறுகின்றனர். தமிழும் இந்தியும் கலந்து பேசி வளரும் பிள்ளைகள் தமக்கென ஓர் இசையைத் தேடும்போது, தொடக்கம் இரைச்சலாகத்தான் இருக்கும். அத்தேடலில் தமிழுக்கு இடம் வேண்டுமானால், அது நம் கூரையின் கீழ் நடத்தல் வேண்டும். வேறிடத்தில் நடந்தால் தமிழை அவர்களுக்கு யார் நினைவூட்டுவார்?

ஆகவே எங்கள் வேண்டுகோள் எளியது. வாரம் இரண்டு மாலை, மண்டபத்தின் பின்னறையை இளைஞர்களுக்குத் திறந்துவிடுவோம். என்ன பாட வேண்டும் என்று கட்டளையிட வேண்டா. ஆண்டு முடிவில் இம்மேடையில் ஒரு பாட்டுக்கு இடமளிப்போம். பிடிக்காவிடில் குறை கூறுவோம். அது இரசிகரின் உரிமை. ஆனால் பாட்டைக் கேட்பதற்கு முன்பே கதவைப் பூட்டாதிருப்போம்.

வாழ்க தமிழ்! வளர்க நம் சங்கம்!