வீட்டுக்குள்ளும் உரிமை வேண்டும்

(மாதர் நலன் குறித்து நடைபெற்ற கூட்டமொன்றில் சட்டத்தரணி ஒருவர் ஆற்றிய உரை)



உரிமை என்னும் சொல் நம் மேடைகளில் ஒலிக்காத நாளில்லை. மொழிக்கு உரிமை கேட்கின்றோம். மண்ணுக்கு உரிமை கேட்கின்றோம். ஆனால், கூட்டம் முடிந்து வீடு திரும்பும் தமிழன், அந்தச் சொல்லைச் செருப்போடு வாசலிலே கழற்றி வைத்துவிட்டால், அவன் கேட்கும் உரிமைக்குப் பொருள் என்ன?

இது எங்கோ ஒரு வீட்டில் நடக்கும் சங்கதியன்று. 2019ஆம் ஆண்டு தொகைமதிப்புப் புள்ளிவிபரத் திணைக்களம் இலங்கை முழுவதிலும் நடத்திய ஆய்வு, கணவன் அல்லது துணைவனால் உடல் வன்முறைக்கோ பாலியல் வன்முறைக்கோ ஆளானவர்கள் பெண்கள் ஐவரில் ஒருவர் என்று கண்டது.

உடம்பிற் பட்ட அடி ஆறிவிடும். உள்ளத்திற் பட்ட அடி? இரவில் உறக்கமில்லை. படலை திறக்கும் ஓசைக்கே நெஞ்சு பதறுகிறது. "என்மேல்தான் பிழையோ" என்று தன்னையே நொந்துகொள்கிறாள். நாளடைவில் வாழும் விருப்பமே வற்றிப் போகிறது. பயிர் வாடினால் கமக்காரன் பயிரைப் பழிப்பதில்லை. மண்ணையும் நீரையும் பார்க்கிறான். இங்கும் பழி அவளுடையதன்று. ஓயாத அச்சமே அவளை வாட்டுகிறது.

சட்டம் இதனை அறியும். 2005ஆம் ஆண்டின் 34ஆம் இலக்கக் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம், அடி உதையை மட்டுமன்றி, உள்ளத்தைச் சிதைக்கும் கடுங்கொடுமையையும் வன்முறை என்றே கொள்கிறது. பாதிக்கப்பட்டவள் நீதவான் நீதிமன்றத்தை நாடலாம். அவள் சார்பில் பொலிஸ் உத்தியோகத்தரும் விண்ணப்பிக்கலாம். 14 நாட்களுக்கு இடைக்காலக் கட்டளையும், விசாரணையின் பின் 12 மாதம் வரை பாதுகாப்புக் கட்டளையும் பிறப்பிக்கவும், உளவள ஆலோசனைக்கு ஒழுங்கு செய்யவும் மன்றுக்கு அதிகாரமுண்டு.

ஆனால், சட்டத்துக்கும் அவளுக்கும் இடையே நிற்பவர்கள் நாம். "பிள்ளைகளுக்காகப் பொறுத்துப் போ" என்கிறோம்; "குடும்ப மானம்" என்கிறோம். அடிபட்டவளை அடித்தவனிடமே திருப்பி அனுப்பிவிட்டு, அதற்குச் சமரசம் என்று பெயரிடுகின்றோம். சீதனக் காணி அவள் பெயரில் இருந்தும், தேசவழமைக்கு உட்பட்ட மனைவி அதனை விற்கவோ ஈடு வைக்கவோ கணவன் எழுத்தில் இசைய வேண்டும். அவன் நியாயமின்றி மறுத்தால் மாவட்ட நீதிமன்றத்தை நாடலாம் என்பதை அவளுக்கு எடுத்துச் சொல்வோர் எத்தனை பேர்?

ஒரு பெண் வாய் திறந்தால், முதலில் அவளை நம்புங்கள். குறுக்கு விசாரணை மன்றுக்கு உரியது. அயல்வீட்டுத் திண்ணைக்கு உரியதன்று. அவள் சொன்னதைக் கணவன் காதுக்குக் கொண்டு செல்லாதீர்கள். வீட்டை விட்டு வெளியேறும் வேளையே ஆபத்து மிகுந்த வேளையாகலாம். ஆதலால், எப்போது, எங்கே போவது என்பதை அவளே தீர்மானிக்கட்டும். நாம் துணை நிற்போம். சாவைப் பற்றி அவள் பேசினால் தனியே விடாதீர்கள். உடனே வைத்தியசாலைக்கு அழைத்துச் செல்லுங்கள். அரசாங்க வைத்தியசாலைகள் பலவற்றில் இதற்கென்றே "நட்பு நிலையம்" இயங்குகிறது. பெண்களுக்கு உதவும் 1938 என்ற தொலைபேசி இலக்கத்தையும், தேசிய மனநல நிறுவகத்தின் 1926 என்ற இலக்கத்தையும் ஊர்தோறும் சங்கப் பலகையில் எழுதி வையுங்கள்.

அடக்குமுறை எது என்பதை அனுபவத்தால் அறிந்த இனம் நாம். அதே அடக்குமுறை நம் அடுக்களையில் நடக்கும்போது வாய்மூடி நின்றோமானால், வெளியே நாம் எழுப்பும் குரலுக்கு வலுவிருக்காது. அச்சமின்றி உறங்கும் உரிமை, நம் வீட்டுப் பெண்ணிலிருந்து தொடங்கட்டும்!