மறைஞ்சு நில், சட்டுனு நகரு: ரேவன் கார்ட் படை ஆடுறது எப்படி?

இந்த வாரம் ஒரு கேள்வியில இருந்து ஆரம்பிக்கலாம். "ரெண்டு மாசம் உட்கார்ந்து பெயின்ட் அடிச்ச என் ரேவன் கார்ட் படை, ரெண்டாவது ரவுண்டுலயே பாதி காலி. இந்த படையே வேஸ்ட்டா?" வேஸ்ட் இல்லை நண்பா. இதை ஆடுற விதம் வேற.

புதுசா கேட்கிறவங்களுக்கு: ரேவன் கார்ட், வார்ஹாமர் 40,000 உலகத்தில் இருக்கிற ஒரு ஸ்பேஸ் மரைன் பிரிவு. இவங்க தலைவர் கோர்வஸ் கோராக்ஸ், அடிமைத் தொழிலாளர்களைத் திரட்டி ஒரு நிலவையே விடுதலை பண்ணினவர். பின்னாடி இஸ்ட்வான் 5 துரோகத்துல படை கிட்டத்தட்ட அழிஞ்சு போச்சு. ஆள் கம்மியா இருக்கிறவன் நேருக்கு நேர் மோத மாட்டான் இல்லையா? இவங்க ஸ்டைலும் அதுதான்.

இப்போ கணக்கு. 2023-ல் வந்த 10-ம் பதிப்புல 'வேன்கார்ட் ஸ்பியர்ஹெட்' எடுத்தா, 12 இன்ச்சுக்கு வெளியே இருந்து சுடுற எதிராளிக்கு ஹிட் ரோல்ல 1 குறையும். உங்களுக்கு கவரும் கிடைக்கும். ஸ்ட்ரென்த் 4, ஏபி 1 உள்ள துப்பாக்கியால 24 ஷாட் வருதுன்னு வைங்க. சாதாரண மரைனுக்கு சராசரியா 16 ஹிட், 8 வூண்ட், அதுல 4 சேவ் ஆகாது. நம்ம ஆளுக்கு? 12 ஹிட், 6 வூண்ட், 2 மட்டும்தான் உள்ளே வரும். அடி நேர் பாதி!

ஆனா எதிராளி 12 இன்ச்சுக்குள்ள வந்துட்டா இந்தப் பாதுகாப்பு மொத்தமா போயிடும். அதனால தூரத்தை நீங்கதான் கன்ட்ரோல் பண்ணணும். படை கட்டும்போதே இதை யோசிங்க.

இன்ஃபில்ட்ரேட்டர் ஒரு யூனிட் கட்டாயம் வேணும். ஆட்டம் தொடங்கும்போதே எதிராளி ஏரியாவுக்கு 9 இன்ச் தள்ளி நிறுத்தலாம். அவரோட ரிசர்வ் ஆட்கள் இவங்களைச் சுத்தி 12 இன்ச்சுக்குள்ள இறங்கவும் முடியாது. அப்புறம் ஜம்ப் பேக் இன்டர்செசர்ஸ், ஒரு டர்னுக்கு 12 இன்ச் பறப்பாங்க. அஞ்சு பேர் யூனிட்டா ரெண்டு மூணு வைங்க. பத்து பேரை ஒரே கும்பலா வச்சா மறைக்க இடம் கிடைக்காது.

ஆடும்போது மூணு விஷயம்.

முதல்ல, ஒரு பக்கம் மட்டும் அடிங்க. டேபிள் நீளம் 60 இன்ச். டெர்மினேட்டர் ஒரு டர்னுக்கு 5 இன்ச்தான் நடக்கும். அஞ்சு ரவுண்டுக்கும் சேர்த்து 25. அவர் வலது மூலையில நிறுத்தினா, நீங்க இடது பக்கம் வேலையைப் பாருங்க. அந்த பாயிண்ட்ஸ் எல்லாம் அவருக்கு வேடிக்கை பார்க்கத்தான்.

ரெண்டாவது, 'வானத்துல இருந்து குதிச்சு உடனே சார்ஜ்' ஆசையைக் குறைங்க. 9 இன்ச் தள்ளி இறங்கணும், ரெண்டு டைஸ்ல 9 விழணும். 36-ல் 10 வாய்ப்பு, அதாவது சுமார் 28 சதவீதம். மிச்ச நேரமெல்லாம் வெட்டவெளியில மாட்டிக்குவீங்க. இறங்கி ஒரு சுவர் பின்னாடி நில்லுங்க, அடுத்த டர்ன்ல பாருங்க.

மூணாவதுதான் முக்கியம்: பாயிண்ட் எதுக்குக் கிடைக்குது? பெரும்பாலான மிஷன்ல உங்க டர்ன் தொடங்கும்போது ஆப்ஜெக்டிவ்ல நிக்கிறதுக்கு. போய் பிடிக்கிறது ஈஸி. எதிராளியோட டர்ன் முழுக்க அங்க உயிரோட இருக்கிறதுதான் கஷ்டம். நம்ம பாதி அடி கணக்கு அங்கேதான் உதவுது. கொல்ற எண்ணிக்கையைப் பார்த்தா தோக்கிற மாதிரியே தெரியும். ஸ்கோர் ஷீட்டைப் பாருங்க.

பெயின்ட் பத்தி ஒரு வார்த்தை. வெறும் கறுப்பு அடிச்சா டேபிள்ல ஒரு உருண்டை மாதிரி இருக்கும். ஓரங்கள்ல மட்டும் நீலம் கலந்த சாம்பல் கோடு இழுங்க, கவசம் தனியா எடுப்பா தெரியும்.

கேள்வி கேட்ட நண்பருக்கு: அந்த ரெண்டு மாச உழைப்பை அலமாரியில வைக்காதீங்க. அடுத்த ஆட்டத்துல முதல் ரவுண்டு ஒரு ஷாட்கூட சுடலேன்னாலும் பரவாயில்லை, ஒளிஞ்சே ஆடிப் பாருங்க. அஞ்சாவது ரவுண்டு ஸ்கோரை எங்களுக்கு அனுப்புங்க. அடுத்த வாரம் பார்ப்போம்!