சட்டக் கல்விக்கு எது உரைகல்?

(குருநகரில் நிகழ்த்திய உரை)



பிள்ளையைச் சட்டத்தரணியாக்கிப் பார்க்க வேண்டும் என்பது யாழ்ப்பாணத்துப் பெற்றோரின் நெடுநாள் ஆசை. அதற்காகத் தோட்டக் காணி ஈடு வைக்கப்படுகிறது. தாயின் நகை அடைவுக்குப் போகிறது. வள்ளமும் வலையும் விலைப்படுகின்றன. இவ்வளவையும் கொடுத்து வாங்கும் கல்வியின் தரத்தை நாம் எதைக் கொண்டு மதிக்கிறோம்? 'முதலாம் இடம்', 'இரண்டாம் இடம்' என்று பத்திரிகையில் வரும் தரவரிசையைக் கொண்டே மதிக்கிறோம். அந்த இலக்கம் எதை அளக்கிறது என்று கேட்பவர் மிகச் சிலரே.

மாடு வாங்கப் போகும் கமக்காரர் அதன் கழுத்து மணியைப் பார்த்து விலை பேசுவதில்லை. பல்லைப் பார்க்கிறார், ஏரில் பூட்டிப் பார்க்கிறார். அந்த விவேகம் கல்வி விடயத்தில் மட்டும் நம்மை விட்டுப் போவானேன்?

எமது நாட்டில் அடிக்கடி பேசப்படும் பட்டியல்களுள் ஒன்று, 2004ஆம் ஆண்டு ஸ்பெயின் நாட்டின் ஆய்வு நிறுவனம் ஒன்று தொடக்கிய 'வெபோமெட்ரிக்ஸ்'. ஒரு பல்கலைக்கழகத்துக்கு இணையத்தில் உள்ள செல்வாக்கையும் அதன் ஆய்வுக் கட்டுரைகளின் மதிப்பையுமே அது பெரிதும் அளக்கிறது. அங்கே சட்டம் படித்து வெளியேறியவருக்கு ஒரு வழக்காவது கிடைத்ததா என்பது அதன் கணக்கில் இல்லை.

இந்திய அரசாங்கம் 2018ஆம் ஆண்டு முதல் சட்டக் கல்விக் கூடங்களையும் வரிசைப்படுத்தி வருகிறது. பெங்களூர் தேசிய சட்டப் பள்ளியே தொடர்ந்து முதலிடம் பெறுகிறது. அந்தப் பட்டியலில் பட்டதாரிகளின் பெறுபேற்றுக்கு நூற்றுக்கு 20 புள்ளிகளே உண்டு. இது ஒருபுறமிருக்க, 2024 ஜூன் மாதத்தில் சென்னை உயர் நீதிமன்றம் ஓர் உத்தரவு பிறப்பித்தது. இளம் வழக்கறிஞர்களுக்குச் சென்னை, மதுரை, கோவை நகரங்களில் மாதம் 20,000 ரூபாவும் ஏனைய இடங்களில் 15,000 ரூபாவும் குறைந்தது உதவித்தொகையாகக் கிடைக்க வழி செய்யுமாறு அது பணித்தது. ஆண்டுதோறும் தரவரிசை வெளிவந்த நாட்டிலேயே, பட்டம் பெற்றவரின் சோற்றுக்கு நீதிமன்றம் வழி சொல்ல வேண்டியதாயிற்று.

"அப்படியானால் வேலைவாய்ப்புக் கணக்கை மட்டும் பார்த்தால் போதுமே" என்று சிலர் கூறலாம். போதாது. அமெரிக்காவில் சான் டியேகோ நகரின் தாமஸ் ஜெபர்சன் சட்டப் பள்ளி மீது, 2011ஆம் ஆண்டு அதன் பட்டதாரி ஒருவர் வழக்குத் தொடுத்தார். சட்டத்தோடு தொடர்பில்லாத வேலைகளையும் பகுதிநேர வேலைகளையும் சேர்த்தெண்ணி மாணவரை ஈர்த்தார்கள் என்பது முறைப்பாடு. 2016இல் ஜூரிமார் 9க்கு 3 என்ற கணக்கில் பள்ளிக்குச் சார்பாகவே தீர்ப்பளித்தனர். ஆயினும், அக்காலத்தில் இத்தகைய கணக்குகளுக்கு எதிராக எழுந்த கண்டனங்களால், முழுநேர வேலை எத்தனை, சட்டத் தகுதி வேண்டும் வேலை எத்தனை என்று பிரித்துக் காட்டும் விதியை அமெரிக்க வழக்கறிஞர் சங்கம் கொண்டுவந்தது.

சம்பளம் மட்டும் உரைகல்லாவதும் தவறு. 2022ஆம் ஆண்டு யேல், ஹார்வர்ட் சட்டப் பள்ளிகள் பிரபல பத்திரிகைத் தரவரிசை ஒன்றிலிருந்து விலகின. பொதுநலப் பணிக்குப் போகும் பட்டதாரிகளை அந்தப் பட்டியல் குறைத்து மதிக்கிறது என்பது யேல் கூறிய காரணங்களுள் ஒன்று.

இனி நம் வீட்டுக்கு வருவோம். எந்தப் பல்கலைக்கழகத்துச் சட்டப் பட்டம் பெற்றாலும், 1874இல் தோன்றிய கொழும்புச் சட்டக் கல்லூரியின் பரீட்சையும் தொழிற்பயிற்சியும் முடித்த பின்னரே சட்டத்தரணியாகச் சத்தியப்பிரமாணம் செய்யலாம். அந்தப் பரீட்சைகளை ஆங்கிலத்தில் மட்டுமே நடத்துவதென 2020இல் விதி வந்தது. 2023 மார்ச்சில் பாராளுமன்றம் அதை நிராகரித்தது. வடக்குக் கிழக்கு நீதிமன்றங்களிலோ வழக்குத் தமிழில் நடக்கிறது. ஏழையின் வழக்கைத் தமிழில் திறம்பட எடுத்துரைக்கக் கற்பிக்கும் கல்விக்கூடத்துக்கு எந்தத் தரவரிசை புள்ளி தருகிறது?

ஓர் உதாரணம். 1983 முதல் 2009 வரையான போர்க்காலத்தில் இடம்பெயர்ந்தோரின் காணி உரிமை காலாவதியாகாதிருக்க, 2016ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டம் வந்தது. அதன் ஆயுள் இரண்டே ஆண்டு. அந்தக் காலத்துக்குள் கமக்காரருக்கு விடயத்தை விளக்கி வழக்கைப் பதிய ஊரிலே சட்டத்தரணி வேண்டியிருந்தது. அத்தகையவரை உருவாக்குவதே சட்டக் கல்வியின் பயன்.

ஆகவே நமது கோரிக்கைகள் மூன்று. முதலாவது, சட்டம் கற்பிக்கும் ஒவ்வொரு நிறுவனமும் எத்தனை பேரைச் சேர்த்தது, எத்தனை பேர் பட்டம் பெற்றனர், எத்தனை பேர் சத்தியப்பிரமாணம் செய்தனர், இரண்டு ஆண்டுகளின் பின் எத்தனை பேர் எந்த ஊரில் எவ்வகைச் சட்டப் பணியில் உள்ளனர் என்பதை, கணக்காய்வாளர் சான்றுடன் ஆண்டுதோறும் வெளியிட வேண்டும். இரண்டாவது, மூத்த சட்டத்தரணிகளாகிய நாம் பயிலுநர்களுக்கு வயிறு கழுவப் போதிய தொகையேனும் கொடுக்க வேண்டும். இல்லையேல் வசதி படைத்தவர் பிள்ளைகளே இத்தொழிலில் நிலைப்பர். மூன்றாவது உங்களுக்கானது. இந்தக் கணக்கைக் கேட்டுப் பெறாமல் காணி உறுதியை ஈட்டுக்குக் கொடுக்காதீர்கள்.

கணக்குக் கேட்பது உங்கள் உரிமை; கேட்டால் காட்ட வேண்டியது அவர்கள் கடமை.