கண்ணகி கோயிலுக்கு நடக்கப் போகிறவர்கள் கவனத்துக்கு

(சித்ரா பௌர்ணமி நடைபயணத்துக்கு முன் நமது சங்கக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



நம் குடியிருப்பிலிருந்து மங்கலதேவி கண்ணகி கோயிலுக்குப் போகிறவர்கள் ஒவ்வொரு சித்திரையிலும் கூடிக்கொண்டே வருகிறார்கள். சிலர் குமுளி போய் ஜீப்பில் ஏறுகிறார்கள். பலர் கூடலூரைத் தாண்டி பளியன்குடியிலிருந்து காட்டுப் பாதையில் நடக்கிறார்கள். இந்த ஆண்டு நம் பிள்ளைகள் சிலர் தேனியிலிருந்தே நடக்கப் போவதாகச் சொன்னார்கள். சந்தோஷம். வழியைப் பற்றி எல்லோருக்கும் தெரியும். நான் வானத்தைப் பற்றி மட்டும் பேசுகிறேன்.

மதுரையை எரித்த கண்ணகி வைகைக் கரையோடு மேற்கே நடந்து, பதினான்காம் நாள் மலையில் வேங்கை மரத்தடியில் விண்ணேறினாள் என்பது சிலப்பதிகாரக் கதை. மதுரை எரிந்தது ஆடி மாதம். ஆடியில் மேற்கு மலையில் மழை பெய்யும் என்று சின்னப் பிள்ளைக்கும் தெரியும். அதற்கேற்ப எச்சரிக்கையாகத்தான் போவோம். நாம் ஏறுவது சித்திரையில். 'இப்ப என்ன மழை?' என்று குடைகூட எடுக்காமல் கிளம்புகிறோம். சிக்கல் அங்கேதான் ஆரம்பிக்கிறது.

சித்ரா பௌர்ணமி ஒரே தேதியில் வருவதில்லை. 2023இல் மே 5, 2024இல் ஏப்ரல் 23, 2025இல் மே 12. திருவிழா ஒன்றுதான், வானிலை ஒன்றல்ல. ஏப்ரலில் வந்தால் காய்ந்த புல்லும் தீயும் பெரிய பயம். மே மாதம் தள்ளி வந்தால் இடியும் மழையும் பெரிய பயம். போன வருஷம் வெயில் அடித்தது என்பதை வைத்து இந்த வருஷம் மூட்டை கட்டாதீர்கள்.

கம்பம் பள்ளத்தாக்கின் தரை சுமார் 400 மீட்டர் உயரம். கோயில் 1,337 மீட்டரில் இருக்கிறது. ஆயிரம் மீட்டர் ஏறினால் ஏறத்தாழ 6 டிகிரி குறையும் என்பது கணக்கு. கீழே சுட்டெரிக்கும் வெயில், மேலே சிலுசிலுவென்று காற்று. காற்று குளிர்ச்சியாக இருப்பதால் தாகம் தெரியாது. வேர்வை உடனே காய்வதால் உடம்பிலிருந்து தண்ணீர் போவதும் தெரியாது. தலை சுற்றும்போதுதான் தெரியும். அதனால் தாகம் எடுக்கும்வரை காத்திருக்காமல் அரை மணிக்கு ஒருமுறை குடியுங்கள். வெறும் தண்ணீர் போதாது, உப்பு போட்ட மோர் நல்லது. பிளாஸ்டிக் பாட்டிலை வனத்துறை அனுமதிக்காது. எவர்சில்வர் பாட்டில் எடுத்துக்கொள்ளுங்கள். தேனியிலிருந்து நடக்கிற பிள்ளைகள் சின்னமனூர், உத்தமபாளையம், கம்பம் வழியாகத் தார்ச்சாலையில் போகவேண்டும். அதை விடியற்காலையிலும் சாயங்காலத்திலும் நடந்து, உச்சிவெயிலில் எங்காவது நிழலில் படுத்துவிடுங்கள்.

அடுத்தது கோடை மழை. காலையில் வானம் துடைத்துவிட்டது போல இருக்கும். வெயில் ஏற ஏற மலைச்சரிவு சூடாகி, அங்கிருக்கும் காற்று மேலே எழும்பும். அரபிக்கடல் பக்கமிருந்து வரும் ஈரக்காற்றும் மலைமுகட்டில் வந்து சேரும். பத்து மணிக்குப் பஞ்சு மாதிரி இருந்த மேகம் பன்னிரண்டுக்குக் கோபுரமாக எழுந்துவிடும். இரண்டு மணிக்கு மேல் இடி. எல்லா நாளும் இப்படி நடப்பதில்லை. ஆனால் நடக்கிற நாளில் பெரும்பாலும் இந்த வரிசையில்தான் நடக்கும். சித்திரை மலையில் காலை நம்முடையது. மத்தியானத்துக்கு மேல் நம்முடையது இல்லை.

இதைப் புத்தகத்தில் மட்டும் படித்துவிட்டுச் சொல்லவில்லை. சில ஆண்டுகளுக்கு முன் நாங்கள் தாமதமாக ஏறி, பகல் பன்னிரண்டரைக்கு வரிசையில் நின்றோம். மேற்கே கறுத்துவிட்டது. இறங்கிவிடலாமா என்றேன். "இம்புட்டுத் தூரம் வந்துட்டு ஆத்தா மொகத்தப் பாக்காமப் போறதா?" என்றார் என் அக்கா. வருஷத்தில் ஒருநாள்தான் நடை திறக்கிறது. அவர் கேட்டதில் நியாயம் இருந்தது. நானும் தலையாட்டிவிட்டேன். தரிசனம் முடிந்து பாதி வழி இறங்குவதற்குள் மழை பிடித்துக்கொண்டது. பாதை ஓடையாகிவிட்டது. நனைந்த சேலை, மேலே காற்று. கால் மணி நேரத்தில் அக்காவுக்கு உதடு நீலம் பாரித்து, பேச்சுக் குழறியது. சித்திரை மாதத்தில் குளிரால் ஒருவர் சாக முடியும் என்று அன்றுதான் புரிந்தது. முன்பின் தெரியாத ஒருவர் தன் பையிலிருந்த காய்ந்த போர்வையைக் கொடுத்தார். அதைச் சுற்றி, இரண்டு பேர் தாங்கி இறக்கினோம். பளியன்குடிக்கு வந்தால் ரோடு காய்ந்து கிடக்கிறது. ஒரு சொட்டு விழவில்லை.

மேலே மழை, கீழே வெயில் என்பதை மறக்காதீர்கள். 2015 மே மாதம் சதுரகிரியில் ஓடைகளில் திடீர் வெள்ளம் வந்து பக்தர்கள் உயிரிழந்தார்கள். ஓடையில் தண்ணீர் கலங்கி, சருகு அடித்துக்கொண்டு வந்தால் கடக்காதீர்கள்; மேட்டில் நின்று காத்திருங்கள்.

மின்னலுக்கு ஒரு கணக்கு உண்டு. மின்னலுக்கும் இடிக்கும் நடுவே மூன்று விநாடி என்றால் ஒரு கிலோமீட்டர். முப்பது விநாடிக்குள் இடி கேட்டால் ஆபத்து உங்களுக்குத்தான். கோயில் மலையுச்சியில், சுற்றிலும் புல்வெளி. தனி மரத்தடியும் திறந்த கல்மண்டபமும் பாதுகாப்பு இல்லை. முகட்டை விட்டுக் கீழே இறங்குங்கள். மூடிய வாகனம் இருந்தால் உள்ளே உட்காருங்கள். கடைசி இடி கேட்டு அரை மணி நேரம் கழித்துக் கிளம்புங்கள். போனில் தாமினி செயலி மின்னல் எச்சரிக்கை தரும். மேலே சிக்னல் கிடைக்காமல் போகலாம், அடிவாரத்திலேயே பார்த்துவிடுங்கள்.

தீயைப் பற்றி நம் மாவட்டத்துக்காரர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. 2018 மார்ச் 11இல் குரங்கணியில் மலையேறியவர்களைக் காட்டுத்தீ சூழ்ந்தது. 23 உயிர்கள் போயின. காய்ந்த புல்லில் தீ, மேட்டை நோக்கித்தான் வேகமாக ஓடும். அதற்கு முன்னால் மேலே ஓடி ஜெயிக்க முடியாது. பக்கவாட்டில் விலகி, புல் இல்லாத பாறைக்கோ ஏற்கெனவே எரிந்து ஆறிய தரைக்கோ போகவேண்டும். அதைவிட முக்கியம், வழியில் யாரும் சூடம் கொளுத்தக் கூடாது. பக்தியில் ஏற்றியது என்றாலும் காட்டுக்கு அது நெருப்புதான்.

நான் கேட்டுக்கொள்வது மூன்று. விடியும்போது பளியன்குடியில் இருங்கள். வாசல் திறந்ததும் ஏறிவிடலாம். ஆளுக்கொரு மழைக்கோட்டும், நனையாமல் கட்டிய ஒரு மாற்றுத்துணியும் வையுங்கள். கிளம்புமுன் குழுவில் ஒருவரைத் தலைவராக வைத்து, பகல் பன்னிரண்டு மணிக்கு எங்கே நின்றாலும் அவர் 'திரும்பு' என்றால் திரும்புவது என்று பேசிவையுங்கள். வரிசையில் நின்றுகொண்டு இதைப் பேசினால் யாரும் திரும்ப மாட்டார்கள். நானே திரும்பவில்லையே.

அக்கா இப்போது மலை ஏறுவதில்லை. சித்ரா பௌர்ணமியன்று வீட்டு மாடியில் நின்று மேற்கே பார்த்துக் கும்பிடுகிறார். "அங்கருந்தும் ஆத்தா பாப்பா" என்கிறார். பாதி வழியில் திரும்பி வருகிறவர்களுக்கும் அதே பதில்தான்.

பத்திரமாகப் போய்வாருங்கள்.